விழுங்கிய அடி எங்கே போகிறது? வைப்ரேனியத்திடம் சில கேள்விகள்

துப்பாக்கி வெடிக்கிறது. எதிரே நிற்பவர் வட்டக் கேடயத்தைத் தூக்குகிறார். குண்டு அதில் பட்டு, சுவரில் எறிந்த ஈரக் களிமண் போல நசுங்கிக் காலடியில் விழுகிறது. கேடயம் பிடித்த கை ஆடக்கூட இல்லை. எப்படி என்று கேட்டால், "அது வைப்ரேனியம், அடியை உறிஞ்சிவிடும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கதை மேலே போய்விடுகிறது.

கதைக்கு அந்த ஒரு வரி போதும். நமக்குப் போதாது. பஞ்சு தண்ணீரை உறிஞ்சினால் பஞ்சு கனக்கிறது. பிழிந்தால் தண்ணீர் வெளியே வருகிறது. அளவுக்கு மேல் ஊற்றினால் வழிகிறது. ஆற்றலை உறிஞ்சும் உலோகத்திடமும் இதையேதான் கேட்க வேண்டும்: எங்கே வைத்திருக்கிறாய், எவ்வளவு பிடிக்கும், எப்படி வெளியே விடுவாய்? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ரசிகர்கள் அதை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனால் மாட்டிவிடுவது அதுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

முதலில் கதை என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். வைப்ரேனியம் மார்வெல் காமிக்ஸின் கற்பனை உலோகம். 1966இல் அச்சில் வந்தது. விண்கல்லாக வந்து விழுந்தது என்பது கதை. இரண்டு வகை உண்டு. ஒன்று வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டில் கிடைப்பது. தன்மேல் படும் அதிர்வை விழுங்கி வைத்துக்கொள்ளும். இன்னொன்று அண்டார்டிகாவில் கிடைப்பது. இது நேர்மாறு, தானே அதிர்வைக் கிளப்பி அக்கம்பக்கத்து உலோகங்களின் பிணைப்பைக் குலைத்து உருக்கிவிடும். நாம் முதலில் பார்த்த வட்டக் கேடயம் கேப்டன் அமெரிக்கா என்ற மார்வெல் நாயகனுடையது. அது காமிக்ஸில் வைப்ரேனியமும் எஃகும் தற்செயலாகச் சேர்ந்த கலவை. திரைப்படங்களில் சுத்த வைப்ரேனியம். எஃகைவிட வலு, எடையோ எஃகில் மூன்றில் ஒரு பங்கு என்று 2011 படம் சொல்கிறது.

அந்த எடைக் கணக்கு எனக்குப் பிடித்தது. எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். மூன்றில் ஒரு பங்கு என்றால் 2.6. கிட்டத்தட்ட அலுமினியம் (2.7). காமிக்ஸ் கையேடுகள் கேடயத்துக்கு 76 சென்டிமீட்டர் விட்டமும் 5.4 கிலோ எடையும் சொல்கின்றன. காமிக்ஸையும் படத்தையும் கலந்து வகுத்துப் பார்த்தால் தகட்டின் தடிமன் நாலரை மில்லிமீட்டர் வருகிறது. அவ்வளவுதான். இத்தனை அடியையும் வாங்கிக்கொள்வது ஒரு பென்சிலை விட மெல்லிய தகடு. இந்த நாலரை மில்லிமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

உதட்டில் சுட்ட கம்பி

கட்டுக்கம்பி ஒரு சாண் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வேகவேகமாக வளையுங்கள். பத்துப் பதினைந்து தடவை வளைத்த உடனே அந்த மடிப்பை உதட்டில் லேசாக வைத்துப் பாருங்கள். சுடும். விரலைவிட உதட்டுக்குச் சூடு சட்டென்று தெரியும், அதனால்தான் உதடு. ஆர்வக்கோளாறில் நான் இருபது தடவை வளைத்துவிட்டு வைத்து, துள்ளிக் குதித்ததுண்டு. நீங்கள் பத்தில் நிறுத்துங்கள்.

உறிஞ்சுவது என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான பாடம் இல்லை. உங்கள் கை செய்த வேலை கம்பிக்குள் போனது. அங்கே அது என்னவாக மாறியது? பெரும்பகுதி வெப்பம். அதாவது அணுக்கள் முன்பைவிட வேகமாக, ஒழுங்கில்லாமல் நடுங்குகின்றன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைப்ரேனியம் அதிர்வை உறிஞ்சுகிறது என்கிறார்கள். அணு அளவில் பார்த்தால் ஒழுங்கற்ற அதிர்வுக்குப் பெயர்தான் வெப்பம். ஆகவே அதிர்வை உறிஞ்சுகிற எந்தப் பொருளும், வேறு ஏற்பாடு எதுவும் இல்லையென்றால், சூடாகிறது என்றுதான் அர்த்தம்.

கம்பியிடம் இன்னொரு சங்கதியும் உண்டு. முதல் வளைப்பு சுலபம். அடுத்தடுத்த வளைப்புக்கு மடிப்பு முரண்டு பிடிக்கும். பிறகு திடீரென்று ஒடியும். செம்புக் கம்பியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கொடுத்த ஆற்றலில் ஒரு சிறு பங்கு வெப்பமாகாமல் உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது: அணு வரிசைகளில் விழுந்த பிசகுகளாக, சிக்கல்களாக. சிக்கு கூடக்கூட வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடியாமல் உலோகம் கடினமாகிறது. டெய்லர், குவின்னி என்ற இருவர் 1934இல் இதை அளந்து வெளியிட்டார்கள். சுமாராகப் பத்தில் ஒன்பது பங்கு வெப்பம், மீதி ஒரு பங்கு உள்ளே சேமிப்பு. உலோகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

அடி வாங்க வாங்க வைப்ரேனியம் இன்னும் உறுதியாகிறது என்று காமிக்ஸில் வருகிறதே, அது வெறும் புளுகு இல்லை. 1882இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த மாங்கனீசு எஃகு அதைத்தான் செய்கிறது. சுமார் 12 விழுக்காடு மாங்கனீசு சேர்ந்த இந்த எஃகு, அடிபட்ட இடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் கடினமாகும், உள்ளே பழைய நெகிழ்ச்சியோடு இருக்கும். தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் சந்திப்புகளிலும் கல் உடைக்கும் இயந்திரங்களின் தாடைகளிலும் இன்றும் இதைத்தான் போடுகிறார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அணிந்த தட்டை இரும்புத் தொப்பியும் இதே எஃகுதான். கற்பனைக்காரர்கள் பிறப்பதற்கு முன்பே கேடயம் வந்துவிட்டது, நிறம்தான் பூசவில்லை.

ஒரு குண்டுக்கு எவ்வளவு?

இனி எண்களுக்கு வருவோம். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் மட்டும்தான்.

சாதாரணக் கைத்துப்பாக்கிக் குண்டு 8 கிராம், வேகம் வினாடிக்கு 360 மீட்டர் என்று வைப்போம். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல். சுமார் 520 ஜூல் வருகிறது. இதை 5.4 கிலோ கேடயம் முழுவதும் சீராகப் பரப்பினால், இரும்பின் வெப்பக் கொள்ளளவை வைத்துக் கணக்கிட்டால், கேடயம் 0.2 டிகிரி சூடாகும். கை உணராது. அதே 520 ஜூலும் பட்ட இடத்திலேயே, வெறும் 5 கிராம் உலோகத்தில் தங்கிவிட்டால் அந்தப் புள்ளி 230 டிகிரி ஏறும். வித்தியாசம் முழுக்கப் பரவுவதில்தான் இருக்கிறது.

வெப்பம் மெதுவாக ஊர்கிற ஜாதி. ஒலி அப்படியல்ல. எஃகில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் ஓடும். நடுவில் பட்ட அதிர்வு 38 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் விளிம்பைத் தொட 64 மைக்ரோவினாடி போதும். ஒன்றரை சென்டிமீட்டர் நீளக் குண்டு நசுங்கி நிற்க எடுக்கும் நேரம் சுமார் 80 மைக்ரோவினாடி. குண்டு முழுசாக நசுங்குவதற்குள் கேடயத்தின் விளிம்புக்குச் சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. கதாசிரியர்கள் வெப்பத்தைத் தொடாமல் அதிர்வைப் பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள், தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அது நல்ல தேர்வு.

அதிர்வைத் தணிப்பதில் நிஜ உலோகங்களுக்குள் ஏகப்பட்ட ஏற்றத்தாழ்வு உண்டு. வெண்கல மணியைத் தட்டினால் நாதம் நீள்கிறது. ஈயத்தில் மணி செய்து தட்டினால் 'தொப்' என்று அடங்கிவிடும். இரண்டுக்கும் கொடுத்த அடி ஒன்றுதான். வெண்கலம் வாங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக்குக் கொடுக்கிறது, ஈயம் உள்ளேயே வெப்பமாக்கி முடித்துவிடுகிறது. கடைசல் இயந்திரங்களின் அடிக்கட்டையை வார்ப்பிரும்பில் செய்வதற்கும் இது ஒரு காரணம். அதில் படலம் படலமாகக் கிடக்கும் கிராஃபைட் அதிர்வைத் தின்றுவிடும். மாங்கனீசும் தாமிரமும் கலந்த உலோகத்தை இரைச்சல் எழுப்பாத கப்பல் சுழல்விசிறிகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கலவையில் ஒரு குறை: சூடு கூடினால் அதன் தணிக்கும் குணம் போய்விடும். உறிஞ்சுவதோ வெப்பமாக, வெப்பமோ உறிஞ்சும் குணத்துக்கே எமன். வைப்ரேனியத்துக்கு நான் ஒரு எல்லை எழுதச் சொன்னால் முதலில் இதைத்தான் எழுதுவேன்.

படங்களில் அந்தக் கேடயம் அடிபட்டவுடன் 'டங்ங்' என்று கணீரென ஒலிப்பது இந்த வகையில் பெரிய அபத்தம். எல்லா அதிர்வையும் விழுங்குகிற உலோகம் ஊமையாக இருக்க வேண்டும். ஆனால் ஊமைக் கேடயத்தை யார் ரசிப்பார்கள்?

சேர்த்து வைத்தால் என்ன ஆகும்?

வெப்பமாகாமல் ஆற்றலைச் சேமித்துவைக்கிறது என்பதுதான் வைப்ரேனியத்தின் உண்மையான மாயம். 2018இல் வந்த படத்தில் வகாண்டாவின் நாயகன் பிளாக் பேந்தரின் உடை, வாங்கிய அடிகளை ஊதா ஒளியோடு சேர்த்து வைத்து ஒரே வீச்சில் திருப்பிக் கொடுக்கும். எங்கே சேமிக்கிறது? மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்பில் என்று காமிக்ஸ் விளக்கம் சொல்கிறது. சரி, பிணைப்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிடலாம்.

உலோகத்தை இழுத்தோ வளைத்தோ சேமிப்பது சுருள்வில்லின் வழி. இது ஏழை வழி. உயர்தர வில் எஃகு ஒரு கிலோ, தன் முழு வலுவுக்கும் வளைத்தால் எழுநூறு ஜூல் போலச் சேமிக்கும். ஒரு கிலோ எஃகுக்கு ஒரே ஒரு குண்டு. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பிணைப்புகளையே உச்சத்துக்கு நெருக்கினால்? இரும்பின் அணுக்களை ஒன்றிலிருந்து ஒன்று முழுசாகப் பிரித்து ஆவியாக்க ஒரு கிலோவுக்குச் சுமார் 74 லட்சம் ஜூல் வேண்டும். பிணைப்பில் அதைவிட அதிகம் சேமித்தால் பிணைப்பே இருக்காது, பிறகு எதில் சேமிப்பது? நம் 5.4 கிலோ கேடயம் இரும்புப் பிணைப்பாக இருந்தால் மொத்தக் கொள்ளளவு 4 கோடி ஜூல். மிக உறுதியான பிணைப்புள்ள வைரத்தையே எடுத்துக்கொண்டாலும் இது எட்டு மடங்கு கூடும், அவ்வளவே. வேதிப்பிணைப்பால் ஆன எந்தப் பொருளும், அது எந்த விண்கல்லில் வந்திருந்தாலும், இந்த வட்டாரத்தை விட்டு வெகுதூரம் போக முடியாது.

4 கோடி ஜூல் கொஞ்சமா என்ன? கைத்துப்பாக்கிக் குண்டுகளில் சொன்னால் எழுபத்தைந்தாயிரத்துக்கு மேல். துப்பாக்கிச் சண்டைக்கு ஆயுளுக்கும் போதும். மின்னல் என்று வந்தால்தான் இடிக்கிறது. ஒரு மின்னலின் மொத்த ஆற்றல் சுமார் 100 கோடி ஜூல். அதில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்கி இடியாகப் போய்விடும், உண்மைதான். ஆனால் இதே கதைகளில் வரும் இடியின் கடவுள் தோர் கேடயத்தைக் குறிபார்த்து முழு மின்னலையும் இறக்கினால், பிணைப்பு தாங்கும் அளவைப் போல 25 மடங்கு.

இதைவிட எனக்குக் கவலை தருவது நிரம்பிய கேடயம்தான். 4 கோடி ஜூல் என்பது சுமார் 10 கிலோ டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். அதைக் கையில் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடுகிறார். அடுத்து ஒரு சின்னக் கல் பட்டால்?

நிஜத்தில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. அணுஉலைகளில் நியூட்ரான் வேகத்தை மட்டுப்படுத்தக் கிராஃபைட் கட்டிகளை அடுக்குவார்கள். நியூட்ரான்கள் மோதி மோதிக் கார்பன் அணுக்களை இடம் பெயர்த்துவிடும். இடம் மாறிய ஒவ்வொரு அணுவும் அழுத்திய வில் மாதிரி கொஞ்சம் ஆற்றலோடு உட்கார்ந்திருக்கும். யூஜின் விக்னர் இதை முன்கூட்டியே சொன்னதால் விக்னர் ஆற்றல் என்று பெயர். கிராமுக்கு 2,700 ஜூல் வரை சேர முடியும். ஒரேயடியாக வெளிவந்தால் கிராஃபைட் தன்னைத்தானே ஆயிரம் டிகிரிக்கும் மேல் சூடாக்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் கட்டி எப்போதும் போல அமைதியாகத்தான் இருக்கும்.

ஆகவே அவ்வப்போது உலையை வேண்டுமென்றே சூடாக்கி, பூட்டிய ஆற்றலைப் பதமாக அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் 1957 அக்டோபரில் அப்படி அவிழ்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது கட்டுப்பாடு கைநழுவி உலைக்குள் தீப்பிடித்தது. கதிரியக்கப் புகை வெளியேறி, சுற்றுவட்டாரப் பால் முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. ஆற்றலைச் சேமிக்கும் பொருளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதோடு எதனால் திறந்துகொள்ளும் என்பதையும் கேட்டாக வேண்டும். கிராஃபைட்டுக்கு அந்தச் சாவி 250 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம். வைப்ரேனியத்துக்கு அதே 2018 படம் ஒலி அலையைச் சாவியாகத் தருகிறது: சில ஒலிகள் அடித்தால் உலோகம் செயலிழந்துவிடுகிறது. பரவாயில்லை, யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அதிர்வைத் தணிக்கும் நிஜப் பொருள் பலவும் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் நன்றாகத் தின்னும், மற்றதில் அரைகுறை. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவன் கையில் கேடயம் வெறும் தகடு.

தள்ளு என்ற ஒன்று இருக்கிறதே!

தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். ஓடுகிற பொருளுக்கு இரண்டு சொத்து. ஒன்று ஆற்றல். மற்றொன்று உந்தம், அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. 'தள்ளு' என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆற்றல் வேஷம் மாற்றும். இயக்கமாக வந்து வெப்பமாக, ஒலியாக, பிணைப்பாக ஒளிந்துகொள்ளும். உந்தத்துக்கு வேஷமே கிடையாது. அதை வெப்பமாக்க முடியாது, சேமிக்க முடியாது, ஊதா ஒளியாக்க முடியாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாற்றத்தான் முடியும்.

குண்டின் உந்தம்: 0.008 கிலோவை 360ஆல் பெருக்கினால் 2.9. மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 160 கிராம் கிரிக்கெட் பந்தின் உந்தம்: 6.4. பந்தின் தள்ளு குண்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! ஆற்றலோ 128 ஜூல்தான், குண்டில் கால் பங்கு. குண்டு கொல்வது அதன் ஆற்றலைச் சிறு துளையில் கொட்டுவதால். அந்த ஆற்றலைக் கேடயம் விழுங்கிவிட்டால் பின்னால் நிற்பவருக்கு மிஞ்சுவது 2.9 அளவுத் தள்ளு. 80 கிலோ ஆளைக் கேடயத்தோடு சேர்த்து வினாடிக்கு மூன்றரை சென்டிமீட்டர் வேகத்தில் பின்னால் நகர்த்தும். கை ஆடவில்லை என்று படத்தில் காட்டுவதை இங்கே மன்னிக்கலாம்.

உறிஞ்சுவதால் உந்தத்தில் ஒரே ஒரு சலுகை கிடைக்கும். பட்டுத் திரும்பும் பந்து, பட்டு ஒட்டிக்கொள்ளும் பந்தைப்போல இரட்டிப்புத் தள்ளு தரும், ஏனென்றால் வந்ததை நிறுத்தவும் வேண்டும், திருப்பி அனுப்பவும் வேண்டும். ஆக, முழுக்க உறிஞ்சும் உலோகம் தள்ளைப் பாதியாக்கும். பாதிக்குக் கீழே போக எந்த உலோகத்தாலும் ஆகாது.

இப்போது குண்டை எடுத்துவிட்டு ஒரு லாரியை வைப்போம். 10 டன் எடை, மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர். ஆற்றல் 20 லட்சம் ஜூல். நம் கேடயத்தின் கொள்ளளவு 4 கோடி; ஆகவே சுலபமாக விழுங்கிவிடும் என்றுதானே தோன்றும்? விழுங்க முடியாது. கேடயத்தோடு சேர்த்து 100 கிலோ ஆள் லாரியின் முன் நிற்கிறார், மோதி ஒட்டிக்கொள்கிறார். உந்தம் குறையாமல் இருக்க வேண்டும் என்றால் இருவரும் சேர்ந்து வினாடிக்கு 19.8 மீட்டர் வேகத்தில் போயாக வேண்டும். அந்த வேகத்தில் மிச்சமிருக்கும் இயக்க ஆற்றல் 19 லட்சத்து 80 ஆயிரம். கேடயத்துக்கு விழுங்கக் கிடைத்தது வெறும் 20 ஆயிரம் ஜூல், நூற்றில் ஒரு பங்கு. மீதியைத் தொடக்கூட அதற்கு உரிமை இல்லை. வீரர் லாரியின் முகப்பில் ஒட்டிக்கொண்டு மணிக்கு 71 கிலோமீட்டர் வேகத்தில் பயணம் போவார்.

லாரியை நிறுத்த வேண்டுமானால் உந்தத்தைப் பூமியிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்கு வழி அவர் கால்கள்தான். செருப்புக்கும் தரைக்கும் உராய்வு நன்றாக இருந்தாலும் 100 கிலோ ஆளுக்கு 800 நியூட்டன் கிடைக்கும். லாரியின் உந்தம் 2 லட்சம். வகுத்தால் 250 வினாடி. நாலு நிமிஷத்துக்கு மேல் சறுக்கிக்கொண்டே போக வேண்டும். வைப்ரேனியத்தின் முதல் எல்லை வைப்ரேனியத்தில் இல்லை, செருப்பின் அடிப்பாகத்தில் இருக்கிறது.

உயரத்திலிருந்து கேடயத்தின் மேல் விழுந்து தப்பிப்பதும் இதே கணக்கில் அடிபடும். 30 மீட்டரிலிருந்து குதிக்கிறார். உடம்பு நின்று அடங்கக் கிடைக்கும் தூரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒரு சுலபமான விதி: விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுங்கள், ஈர்ப்பு விசையைப் போல அத்தனை மடங்கு விசை உடம்பை அழுத்தும். 5 சென்டிமீட்டரில் நின்றால் 600 மடங்கு. யாரும் பிழைக்க மாட்டார்கள். கேடயமோ நாலரை மில்லிமீட்டர். அது தரையில் பட்ட அடியை முழுதாக விழுங்கினாலும், அதன்மேல் விழுகிற எலும்புக்கு நிற்கத் தூரம் தராது. பந்தைப் பிடிக்கிறவர் கையைப் பின்னுக்கு இழுக்கிறாரே, காரின் முன்பக்கத்தை நசுங்கும்படி செய்கிறார்களே, எல்லாம் அந்தத் தூரத்துக்காகத்தான். மெல்லிய தகட்டிடம் இல்லாத ஒரே சரக்கு தூரம்.

எறிந்தால் திரும்பி வருவது

கேடயத்தை எறிந்தால் சுவரில் பட்டு, ஆளில் பட்டு, கைக்கே திரும்புகிறது. உறிஞ்சும் உலோகம் துள்ளக் கூடாதே! ஈயக் குண்டைத் தரையில் போட்டால் அப்படியே கிடக்கும். ஒரே உலோகம் ஈயமாகவும் வில் எஃகாகவும் எப்படி இருக்கும் என்று நீண்ட நாள் நானும் கேலி செய்துகொண்டிருந்தேன். பிறகு நிட்டினாலைப் பற்றிப் படித்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

நிட்டினால் என்பது நிக்கலும் டைட்டேனியமும் ஏறத்தாழச் சமபங்கு அணுக்களாகச் சேர்ந்த கலவை. அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒன்றில் உருவானது. உடையாத மூக்குக்கண்ணாடிச் சட்டமும் இதயக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட்டும் இதில் வருகின்றன. குறைந்த விசையில் சாதாரண வில் போல நடந்துகொள்ளும்: வளையும், துள்ளும். விசை ஒரு வரம்பைத் தாண்டினால் உள்ளே அணுக்களின் அடுக்கே வேறு அமைப்புக்குத் தாவும். தன் நீளத்தில் 8 விழுக்காடு வரை நீண்டு, விசையை எடுத்தால் பழைய அமைப்புக்கும் பழைய உருவத்துக்கும் திரும்பும். போகும் வழியில் தின்ற ஆற்றலில் ஒரு பகுதியைத் திரும்பும் வழியில் கொடுக்காது, வெப்பமாக்கிவிடும். சின்ன அடிக்குத் துள்ளல், பெரிய அடிக்கு உறிஞ்சல், கடைசியில் தழும்பே இல்லை. கேடயம் செய்ய வேண்டியது அச்சாக இதுதான். எறியும் வேகம் வரம்புக்குக் கீழே, குண்டின் வேகம் வரம்புக்கு மேலே என்று வைத்துக்கொண்டால் முரண்பாடு தீர்ந்தது.

ஆனால் நிட்டினாலும் சாகாவரம் பெற்றதல்ல. திரும்பத் திரும்பத் தாவ வைத்தால் அயர்ந்து போகும், விரிசல் விடும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். உலோகத்தில் அம்மி நகர்வதற்குப் பெயர் அயர்ச்சி. 2019 படத்தில் வில்லன் தானோஸ் வாளால் ஓங்கி ஓங்கி வெட்டி அந்தக் கேடயத்தைப் பாதியாக்கியபோது பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் காட்சி நியாயமாகவே பட்டது. கூரான முனை, சிறு பரப்பு, ஒரே விளிம்பில் மறுபடி மறுபடி. எந்தப் பொருளையும் உடைக்கும் முறை அதுதான்.

ஒரு கட்டி வைப்ரேனியம் நிஜமாகவே கிடைத்தால் கேடயம் செய்யமாட்டேன். தூரத்துக்கும் இடம் இருக்கிற, உந்தத்தை வாங்கிக்கொள்ளப் பூமியும் பக்கத்திலேயே இருக்கிற ஒரு வேலைக்குக் கொடுப்பேன்: கட்டடங்களின் அடியில் வைக்க. அந்த வேலையை இப்போது பார்த்துக்கொண்டிருப்பது ஈயம். 1970களில் நியூசிலாந்தின் பில் ராபின்சன், ரப்பரும் எஃகும் மாறிமாறி அடுக்கிய தாங்கிகளின் நடுவில் ஈயத் தண்டைச் செருகினார். வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகம் இப்படிப்பட்ட தாங்கிகளின் மேல்தான் நிற்கிறது. நிலம் ஆடும்போது கட்டடம் அதன்மேல் மெல்ல அசைகிறது, ஈயத் தண்டு முன்னும் பின்னும் வளைந்து நிலநடுக்கத்தின் ஆற்றலை வெப்பமாக்கிக்கொள்கிறது.

நம் கட்டுக்கம்பி வளைத்த கணக்கேதான், ஒரு வித்தியாசத்தோடு. கம்பிக்குள் சிக்கு சேர்ந்துகொண்டே போய் ஒடிந்தது. ஈயத்துக்கு அறை வெப்பமே போதிய சூடு. வளைத்து முடித்த சற்று நேரத்தில் அதன் அணு வரிசைகள் தாமாகவே சிக்கவிழ்ந்து புதுப் படிகங்களாக அடுக்கிக்கொள்கின்றன. அடுத்த நடுக்கம் வரும்போது அந்தத் தண்டு முதல்நாள் வார்த்த ஈயம்போலவே இருக்கும்.